ஆயுள் முழுவதும் போக்குவரத்து

சென்ற மாதம் தூத்துக்குடிக்குப் போயிருந்தோம். பழைய நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டு நாள் தங்கல். துறைமுகத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் அவர். மாலை வேளையில் மாடியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த மக்ரூன்களை ஒவ்வொன்றாய்க் காலி செய்துகொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தி, பக்கத்தில் இங்கிலீஷ் அகராதியும் மடியில் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதிக்கொண்டிருந்தாள். திடீரென்று தலை நிமிர்ந்து, "தாத்தா! வ.உ.சி.யை வெள்ளைக்காரன் கொடுமைப்படுத்தினான் என்று சொல்வீர்களே. புத்தகத்தைப் பார்த்தால் அவன் உபகாரம் அல்லவா செய்திருக்கிறான்?" என்றாள்.

நண்பர் கையில் இருந்த மக்ரூன் பாதி வழியில் நின்றுவிட்டது. "என்னட்டி உபகாரம்?" என்று கேட்டார்.

"'டிரான்ஸ்போர்ட்டேஷன் ஃபார் லைஃப்' கொடுத்தார்களாம். 'டிரான்ஸ்போர்ட்டேஷன்' என்றால் போக்குவரத்து. 'ஃபார் லைஃப்' என்றால் ஆயுள் முழுவதும். ஆயுள் முழுவதும் போக்குவரத்து! அப்படியென்றால் காலம் பூராவும் ரயிலிலும் கப்பலிலும் டிக்கெட் இல்லாமல் போய் வரலாம் என்றுதானே அர்த்தம்?"

நாம் வாய்விட்டுச் சிரித்தோம். நண்பரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை. குழந்தை தவறு ஒன்றும் செய்யவில்லையே! பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி அகராதியைப் புரட்டினாள், முதலில் கண்ட அர்த்தத்தை எழுதினாள், கூட்டிப் படித்தாள். கணக்குச் சரி, விடைதான் தப்பு. நம்மில் பெரியவர்களானவர்களும் அநேக இங்கிலீஷ் வார்த்தைகளை இந்த மாதிரியேதான் கற்றிருக்கிறோம். ஒரு வார்த்தைக்கு ஓர் அர்த்தம் என்று மனப்பாடம் செய்கிறோம். அந்த வார்த்தையை யார் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்பதில்லை. தூத்துக்குடியைப் போல இந்தப் பாடத்தை விலை கொடுத்துக் கற்ற ஊர் வேறு இல்லை என்று சொல்லலாம். ஆகையால் இந்த வாரம் அந்தக் குழந்தையின் நோட்டில் இருந்த சில சாதாரண வார்த்தைகளைப் பற்றியே எழுத உத்தேசம்.

* * *

முதலில் 'கம்பெனி.' இதற்கு அர்த்தம் கேட்டால், 'வியாபார ஸ்தாபனம்' என்று யாரும் சொல்வார்கள். "எனக்குக் கொஞ்சம் கம்பெனி கொடுங்கள்" என்றால் கூட இருந்து பேசுங்கள் என்று பொருள் என்பதும் தெரிந்ததுதான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? லத்தீன் பாஷையில் 'கோம்' என்றால் கூட. 'பானிஸ்' என்றால் ரொட்டி. கூட அமர்ந்து ரொட்டி தின்பவர்களே கம்பெனி. நம் வழக்கில் சொன்னால், ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்.

அழகான பொருள்தான்! ஆனால் இந்தக் கடற்கரைக்கு வந்து இறங்கிய கம்பெனிகள் எப்படிப்பட்டவை? போர்ச்சுக்கீசியர் கையிலிருந்த தூத்துக்குடியை 1658-ல் பிடித்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. முத்தும் சங்கும் துணியும் அவர்கள் கப்பலில் ஏறின. அவர்களுடைய சிறு நாணயத்தின் பெயர்தான் இன்றைக்கும் நம் வாயில் 'துட்டு' என்று வழங்குகிறது. பின்னால் வந்தது ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. நம்மவர்கள் அதைக் 'கும்பினி' என்று அழைத்தார்கள். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டது அந்தக் கும்பினிதான். பெயரோ, கூடி உண்பவர்கள். நடந்ததோ, இலை போட்டவர் ஒருவர், உண்டவர் ஒருவர்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டுக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதற்கு எதிரே 1906-ஆம் வருஷத்தில் வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை மற்றொரு கம்பெனியைத் தொடங்கினார். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்பது அதன் பெயர். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதற்குத் தலைவர். மூலதனம் பத்து லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்து, அதை நாற்பதினாயிரம் பங்குகளாகப் பிரித்தார்கள். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய்.

இங்கே நோட்டின் இரண்டாவது வார்த்தை வந்துவிட்டது: 'ஷேர்.' வெட்டுதல் என்ற பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது இது. ஆட்டு ரோமம் கத்தரிப்பதைக் குறிக்கும் 'ஷியர்' என்ற வார்த்தைக்கு உறவு. ஒன்றை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தால் அது 'ஷேர்.' மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில் இந்தக் கணக்கு வெகுகாலமாய் உண்டு. வெள்ளைக்காரர் சர்க்கார் நடத்திய குளிப்பில், குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. ஒரு பங்கு குளித்தவருக்கு. காலில் கல்லைக் கட்டி, மூக்கைப் பொத்தி, மூச்சை அடக்கிக் கீழே போனவருக்கு ஒன்று. கரையிலே குடைக்கடியில் உட்கார்ந்து எண்ணியவருக்கு இரண்டு! வெட்டுகிற கத்தி யார் கையில் இருக்கிறதோ, அவர் துண்டு எப்பொழுதும் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.

சிதம்பரம் பிள்ளையின் யோசனை இந்தக் கத்தியையே கைமாற்றிவிடுவது. இருபத்தைந்து ரூபாய் அந்தக் காலத்தில் சிறு தொகையல்ல. ஆனாலும் ஒரு ஜமீன்தாரிடம் மாத்திரம் இருக்கக்கூடிய தொகையுமல்ல. வியாபாரிகளும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மனம் வைத்தால் கப்பலில் ஒரு துண்டுக்குச் சொந்தக்காரராகலாம். 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் அந்தப் பணத்தில் வந்து சேர்ந்தன. 'ஷேர்' என்ற அந்நிய வார்த்தை இக்கடற்கரையில் முதல் முறையாக நம்மவர் பக்கம் நின்று பேசிற்று.

* * *

அடுத்த வார்த்தை 'ப்ரீ.' இதைப்போல நம் வீடுகளில் அடிபடும் இங்கிலீஷ் வார்த்தை மற்றொன்று இராது. "நாளைக்கு நீங்கள் ப்ரீயா?" என்று கேட்கிறோம். ஒன்று வாங்கினால் ஒன்று ப்ரீ என்று கடைக்காரர் எழுதிப் போடுகிறார். ஓய்வு, இலவசம், சுதந்திரம் ஆகிய மூன்றும் இந்த ஒரே வார்த்தைக்குள் அடங்கியிருக்கின்றன. மூன்றையும் ஒன்றாய் எண்ணிக்கொள்வதால் வரும் ஆபத்தைத் தூத்துக்குடி துறைமுகம் கண்ணாரக் கண்டது.

சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. கொழும்புக்குப் போக ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே வெள்ளைக்காரக் கம்பெனி, கட்டணமே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள், ஏறுகிறவருக்கு ஒரு குடையும் தருகிறோம் என்று ஆசை காட்டியதாகச் சொல்லுவார்கள். எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர் தம்முடைய கப்பலில் ஏறினார். இலவசமாய் ஏறிக் குடையும் பெற்றவர் என்ன கொடுத்தார்? அவர் கொடுத்தது எந்த ரசீதிலும் எழுதப்படவில்லை. போட்டிக் கம்பெனி ஒழிந்த மறுநாள் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்பதை அறியப் பெரிய பொருளாதார சாஸ்திரம் வேண்டியதில்லை. இலவசம் என்கிற 'ப்ரீ'யைக் கொண்டு சுதந்திரம் என்கிற 'ப்ரீ'யை விலைக்கு வாங்க முடியும் என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது.

இந்த வார்த்தையின் பூர்வோத்தரம் அதிசயமானது. வடமொழியில் 'பிரியம்' என்கிறோமே, அதுவும் இங்கிலீஷ் 'ப்ரீ'யும் ஒரே வேரில் முளைத்தவை என்பது மொழிநூல் வல்லார் கண்ட முடிவு. நண்பன் என்று பொருள்படும் 'பிரெண்டு'ம் அதே குடும்பம்தான். ஆதியில் ஒரு வீட்டில் பிரியத்துக்குரியவர்களாய் இருந்தவர்கள், அதாவது அடிமைகள் அல்லாத சொந்த ஜனங்கள், 'ப்ரீ' எனப்பட்டார்கள். அன்பு எங்கே உண்டோ அங்கே சுதந்திரம் உண்டு என்ற பொருள் அந்த ஒரே அசைக்குள் புதைந்து கிடக்கிறது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் மறுபடியும் வேண்டியிருக்கும்.

* * *

'ஸ்ட்ரைக்' என்றால் அடித்தல் என்று குழந்தை எழுதியிருந்தாள். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அந்த அர்த்தமே முதலில் தோன்றும். வேலைநிறுத்தத்துக்கு ஏன் அடித்தல் என்று பெயர் வந்தது? யாரை யார் அடித்தது?

இதற்கு விடை துறைமுகத்தில்தான் இருக்கிறது. கப்பற்காரர் பாஷையில் 'ஸ்ட்ரைக்' என்றால் பாயை இறக்குதல். 1768-ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்துத் தேம்ஸ் நதியில் நின்ற வியாபாரக் கப்பல்களின் மாலுமிகள், கூலி போதாதென்று சொல்லிப் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கினால் கப்பல் நகராது. கப்பல் நகராவிட்டால் வியாபாரம் நகராது. அன்று தொட்டு வேலையை நிறுத்துவதற்கு 'ஸ்ட்ரைக்' என்ற பெயர் வழக்கத்தில் வந்தது. ஆகவே இந்த வார்த்தையில் அடியும் இல்லை, உதையும் இல்லை. பாய் இறங்கிய கப்பலின் அமைதிதான் இருக்கிறது.

தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி 27-ந் தேதி வேலைக்குப் போகாமல் நின்றார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். கேட்டவை கூலி உயர்வும், வேலை நேரக் குறைவும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும். ஊரில் உள்ளவர்கள் அரிசியும் பணமும் திரட்டி அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள். சுமார் ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. எழுத்தறியாத தொழிலாளர் பலர் அந்த நாட்களில் இந்த வார்த்தையின் சரியான பொருளை எந்த அகராதியும் பாராமல் அறிந்துகொண்டார்கள். ஆனால் அடிப்பது என்ற பழைய பொருளே அதிகாரிகளுக்குப் பிடித்திருந்தது போலும். ஒரு வாரத்திற்குள் அவர்கள் அடித்தார்கள். மார்ச்சு 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள்; துப்பாக்கிப் பிரயோகத்தில் உயிர்கள் பலியாயின.

* * *

இப்பொழுது ஒரு வார்த்தை. இது குழந்தையின் நோட்டில் இல்லை. ஆனால் இருந்திருக்க வேண்டும். 'டிஸஅபெக்ஷன்' என்பது அது. 'அபெக்ஷன்' என்றால் அன்பு என்று எல்லாருக்கும் தெரியும். கடிதத்தின் அடியில் எழுதுகிறோம். முன்னால் ஒரு 'டிஸ்' சேர்ந்தால் என்ன ஆகும்?

இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870-ஆம் வருஷத்தில் 124-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சர்க்காரின்மீது 'டிஸஅபெக்ஷன்' உண்டாக்கப் பேசினாலும் எழுதினாலும் குற்றம் என்று அதில் கண்டிருந்தது. அது அன்பு இல்லாமையா, வெறுப்பா, பகையா, கலகமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் நீதிபதி. 1897-ல் பம்பாயில் திலகரின் வழக்கு வந்தபோது, ஜஸ்டிஸ் ஸ்டிராச்சி, அன்பு இல்லாமையே போதும் என்ற கருத்தில் அர்த்தம் சொன்னார். மறு வருஷம் சட்டத்திலேயே பகைமையையும் விசுவாசமின்மையையும் சேர்த்து விளக்கம் எழுதிவிட்டார்கள். இவ்வளவு பெரிய தேசத்தில், தன்னை ஆளுகிறவன்மேல் அன்பு வைக்காதிருப்பது குற்றமாக ஆயிற்று!

வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார், அபராதம் வைக்கவில்லை. பயத்தினால் கை குவியலாம், தலை குனியலாம், நெஞ்சு நெகிழாது. மகாத்மா காந்தி 1922-ல் ஆமதாபாத் கோர்ட்டில் இதே 124-ஏ பிரிவின்கீழ் நின்றபோது, அன்பைச் சட்டத்தினால் உற்பத்தி செய்யவும் முடியாது, ஒழுங்குபடுத்தவும் முடியாது என்ற கருத்தை நேராகவே எடுத்துச் சொன்னார். ஆறு வருஷம் கொடுத்தார்கள்.

சிதம்பரம் பிள்ளைக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிது. 1908 ஜூலை 7-ந் தேதி திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துவேஷமாய்ப் பேசியதற்கு ஒரு தண்டனை. சிவாவுக்கு உடந்தையாய் இருந்து ஆதரித்ததற்கு மற்றொரு தண்டனை. வீட்டில் இடம் கொடுத்துச் சோறு போட்டதும் அந்த ஆதரவிலே சேர்த்தி. கூட அமர்ந்து உண்பவர்தானே கம்பெனி என்று மேலே பார்த்தோம்? அந்த அர்த்தப்படி உண்மையான கம்பெனி நடத்தியவருக்கு அதுவே குற்றமாயிற்று. இரண்டு குற்றத்துக்கும் தனித்தனியே ஆயுள் தண்டனை. அதற்குத்தான் 'டிரான்ஸ்போர்ட்டேஷன் ஃபார் லைஃப்' என்று பெயர்.

* * *

குழந்தையின் கேள்விக்கு இப்பொழுது வந்துவிட்டோம். 'டிரான்ஸ்' என்றால் அப்பால். 'போர்ட்டாரே' என்றால் சுமத்தல், கொண்டு போதல். அப்பால் கொண்டுபோய் விடுவது 'டிரான்ஸ்போர்ட்டேஷன்.' மூட்டையை அப்பால் கொண்டு போனால் போக்குவரத்து. மனிதனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கடலுக்கு அப்பால் கொண்டு போனால் தீவாந்தர சிக்ஷை. ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்த ஜனங்களையே இப்படி முதலில் அமெரிக்காவுக்கும், பிறகு 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்கும் ஏற்றி அனுப்பினார்கள். 1858 முதல் நம்மவர்களை அந்தமானுக்கு ஏற்றினார்கள். போக்குவரத்து என்ற தமிழ்ச் சொல்லில் போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. அந்தத் தண்டனையில் போக்கு மாத்திரம்தான்; வரத்து கிடையாது. தமிழ் தெரிந்த குழந்தைக்கு இந்த ஒன்றைச் சொல்லியிருந்தாலே போதும், ஒரு நாளும் மறக்க மாட்டாள்.

கப்பல் விட்ட குற்றத்துக்குக் கப்பலேற்றும் தண்டனை! ஆனால் அதிலும் ஒரு விபரீதம் நடந்தது. சிதம்பரம் பிள்ளையை அந்தமானுக்கு அனுப்பவில்லை. மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயமுத்தூரிலும் கண்ணூரிலும் சிறை வைத்தார்கள். கோயமுத்தூர்ச் சிறையில் அவரைச் செக்கு இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்து வளாகத்தில் இருக்கிறது. கடலைத் தாண்டிக் கப்பல் விட்டவர் ஒரு செக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எத்தனை மைல் நடந்தாலும் புறப்பட்ட இடம்தான். அகராதியில் உள்ள எந்த அர்த்தத்திலும் அடங்காத போக்குவரத்து அது.

1912 டிசம்பரில் அவர் விடுதலையானபோது கம்பெனி கலைந்து போயிருந்தது. தண்டனைச் சட்டத்தில் 'டிரான்ஸ்போர்ட்டேஷன்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு 'ஆயுட்காலச் சிறை' என்று மாற்றியது சுதந்திர இந்தியா. 1956 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது அமலுக்கு வந்தது. 124-ஏ பிரிவு மாத்திரம் இன்னும் நெடுங்காலம் நீடித்து, பழைய சட்டம் முழுவதோடும் 2024 ஜூலை முதல் தேதி நீங்கிற்று. புதிய சட்டத்தின் 152-ஆம் பிரிவில் வேறு வார்த்தைகள் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கும் பொறுப்பு இப்பொழுது நம்முடையது.

* * *

இவ்வளவும் சொன்னதால் நாம் இங்கிலீஷுக்கு விரோதி என்று எவரும் நினைக்க வேண்டாம். வார்த்தைகள் ஒரு கரையிலேயே இறங்குகிற சரக்கு அல்ல, இங்கிருந்தும் ஏறியிருக்கின்றன. நம்முடைய கட்டுமரம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலீஷ் புத்தகத்தில் 'கடமரான்' என்று ஏறிவிட்டது. போன இடத்தில் அதற்கு வந்த கோலத்தைக் கேளுங்கள். நம் ஊரில் நாலைந்து மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். அவர்கள் இன்று 'கடமரான்' என்பது இரண்டு தனி உடல்களை ஒரு தளத்தால் இணைத்த உல்லாசப் படகு. அதில் கட்டும் இல்லை, மரமும் பெரும்பாலும் இல்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்பிள்ளையையும் இந்தப் பெயரால் ஏசினார்களாம். கட்டுமரத்தின்மேல் அவர்களுக்கு என்ன கோபமோ!

சுருட்டு 'செரூட்' ஆயிற்று. சங்கு 'சாங்க்' ஆயிற்று. வங்காளத்துப் பெண்களின் கைவளைக்காக இக்கடலிலிருந்து போன சங்கைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர் 1914-ல் ஒரு நூலே எழுதினார். 1886-ல் யூல், பர்னெல் என்ற இருவர் இந்த மாதிரி வார்த்தைகளை எல்லாம் திரட்டி 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்ற அகராதி வெளியிட்டார்கள். மொஹரம் பண்டிகையில் ஹஸன், ஹுஸைன் என்று எழுந்த குரல் வெள்ளைச் சிப்பாய்களின் காதில் விழுந்த விதமே அந்தப் பெயர்! வார்த்தையைத் தப்பாய்க் கேட்பது நமக்கு மாத்திரம் உள்ள குறையல்ல. வித்தியாசம் ஒன்றுதான். அவர்கள் நம் வார்த்தையைத் தப்பாகக் கேட்டால் அது அகராதியில் ஏறுகிறது. நாம் அவர்கள் வார்த்தையைத் தப்பாகக் கேட்டால் நம் தலையில் ஏறுகிறது.

இது பழைய காலத்துச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை. இன்றும் நம் வீடுகளில் கையெழுத்துப் போடும் காகிதங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில்தான் இருக்கின்றன. 'இன்டரஸ்ட்' என்றால் ஆர்வம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த பையன், பாங்கிக் காகிதத்தில் அதே வார்த்தை வட்டி என்று தெரிந்துகொள்ளும்போது பாதிக் கடன் ஏறிவிடுகிறது. 'செக்யூரிட்டி' என்றால் வாசலில் நிற்கும் காவற்காரர் என்று எண்ணியிருக்கும் அம்மாளுக்கு, கடன் பத்திரத்தில் அது தன்னுடைய தாலிச் சங்கிலியைக் குறிக்கிறது என்று எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 'டியூட்டி' என்றால் கடமை. சுங்கச் சாவடியில் அதுவே தீர்வை. செலுத்த வேண்டிய பாக்கி என்பதுதான் இரண்டுக்கும் அடிப்பொருள். அந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் இரண்டும் விளங்கிவிடும். நம் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, "நான் வேலைக்குச் சேர்ந்தபோது துறைமுகத்தின் பெயரில் 'டிரஸ்ட்' என்று இருந்தது. 2021-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு 'அதாரிட்டி' என்று மாற்றிவிட்டார்கள். நம்பிக்கை போய் அதிகாரம் வந்தது!" என்றார். விகடமாகத்தான் சொன்னார்.

ஆகையால் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிற பெற்றோருக்கு நம்முடைய விண்ணப்பம் இது. ஒரு வார்த்தை வந்தால் மூன்று கேள்வி கேட்கப் பழக்குங்கள். இந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது? இதை யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார்? நம் வீட்டுப் பேச்சில் இதற்கு என்ன பெயர்? மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். தமிழில் சொல்லிப் பார்க்க முடியாத வார்த்தை நமக்குப் புரியாத வார்த்தையே. சிதம்பரம் பிள்ளை இந்த விஷயத்திலும் நமக்கு வழிகாட்டி. எந்த மொழியின் வார்த்தைகளால் அவரைச் சிறையில் தள்ளினார்களோ, அந்த மொழியை அவர் வெறுத்து ஒதுக்கிவிடவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியரின் நூலைச் சிறைவாசத்தின்போதே 'மனம் போல வாழ்வு' என்று தமிழாக்கினார். பகலில் செக்கு, ஓய்ந்த நேரத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் தேடல். அந்நிய வார்த்தைக்கு அடிமையாகாமல் அதை ஆளுவது எப்படி என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

* * *

புறப்படுகிற அன்று துறைமுகப் பக்கம் ஒரு சுற்றுப் போனோம். வாசலில் பெரிய எழுத்துக்களில் அவருடைய பெயர். 2011-ல் அந்தத் துறைமுகத்துக்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயரிட்டார்கள். இங்கிலீஷில் சுருக்கி 'வி. ஓ. சி. போர்ட்' என்கிறார்கள். நண்பர் அதைச் சுட்டிக்காட்டி, "டச்சுக் கம்பெனிக்கு அவர்கள் பாஷையில் முதலெழுத்து என்ன தெரியுமா?" என்று கேட்டார். நாம் யோசித்தோம். அதுவும் வி. ஓ. சி.தான்! முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே கரையில் அந்த மூன்று எழுத்துக்களும் நாணயத்தில் முத்திரையாகக் கிடந்தன. இன்று அதே மூன்று எழுத்துக்கள் துறைமுக வாசலில் நிற்கின்றன. எழுத்து மாறவில்லை, பொருள் முழுவதும் மாறிவிட்டது. அதை மாற்றியது எந்த அகராதியும் அல்ல. ஒரு மனிதருடைய வாழ்க்கை.

இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். வழியனுப்ப வந்த குழந்தை நோட்டைப் பிரித்துக் காட்டினாள். போக்குவரத்து என்று எழுதியிருந்ததை அவள் அடிக்கவில்லை. அதன் எதிரே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: 'நாமாகப் போனால் பிரயாணம்; பிறர் கொண்டு போனால் தண்டனை.'

எந்த அகராதியிலும் இவ்வளவு சரியான விளக்கத்தை நாம் பார்த்ததில்லை. "இதை வாத்தியார் ஒப்புக்கொள்வாரா, மாமா?" என்று கேட்டாள். ஒப்புக்கொள்ளாவிட்டால் நமக்கு எழுதச் சொல்லியிருக்கிறோம்.